பட்டாவில் பெயரில்லாத விவசாயிகள்: வேளாண் பதிவேட்டை வடிவமைப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேளாண்மைத் துறை, வருவாய்த் துறை அதிகாரிகளுக்கும், விவசாயிகளுக்கான மின்னணுப் பதிவேட்டைத் திட்டமிடும் கொள்கை வகுப்பாளர்களுக்கும், அதற்கு மென்பொருள் எழுதும் பொறியாளர்களுக்கும்,

வணக்கம்.

நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் இடைப்பட்ட ஒரு கிராமத்தில் பொதுச் சேவை மையம் நடத்துகிறேன். பட்டா மாறுதல், பயிர்க் காப்பீடு, வருமானச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று இந்தச் சுற்றுவட்டார மக்களின் காகிதங்களில் பெரும்பங்கு என் மேசையைத் தாண்டித்தான் கணினிக்குள் போகிறது. அங்கே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெளிவாகத் தெரியும் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். விவசாயிகள் பதிவேடு என்று சொல்லி நீங்கள் உருவாக்கிவருவது நில உடைமையாளர்களின் பதிவேடு. இரண்டும் ஒன்றே என்று வைத்துக்கொண்டு அதன்மேல் கடன், காப்பீடு, கொள்முதல், வெள்ள நிவாரணம் என்று வரிசையாகக் கட்டப் போகிறீர்கள். காவிரி டெல்டாவில் நிலத்துக்குச் சொந்தக்காரரும் அதில் சாகுபடி செய்பவரும் பல இடங்களில் வேறுவேறு ஆட்கள். இது இன்று நேற்று வந்த நிலைமை இல்லை.

2024 செப்டம்பரில் ஒன்றிய அமைச்சரவை 2,817 கோடி ரூபாயில் டிஜிட்டல் வேளாண் இயக்கத்துக்கு ஒப்புதல் தந்தது. 2026-27க்குள் 11 கோடி விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் வழங்குவது இலக்கு. தமிழ்நாட்டில் 2025 தொடக்கத்தில் ஊர் ஊராக முகாம்கள் நடந்தன. இந்த முயற்சியை நான் எதிர்க்கவில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒவ்வொரு முறையும் அதே சிட்டா (நில உடைமைச் சான்று), அதே அடங்கல் (எந்த வயலில் என்ன பயிர் என்ற கிராமக் கணக்கு), அதே வங்கிப் புத்தக நகல் என்று அலையும் ஆட்களை நான் நாள்தோறும் பார்க்கிறேன். ஒரே எண்ணில் எல்லாம் முடிந்தால் அவர்களுக்கு ஒரு நாள் கூலியாவது மிச்சமாகும். அந்த எண் யாருக்குக் கிடைக்கிறது என்பதில்தான் என் கவலை.

பதிவு நடக்கும்போது ஒருமுறை பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் ஆதார் எண், கைபேசிக்கு ஓடிபி. பிறகு மாவட்டம், வட்டம், கிராமம், புல எண். அந்தப் புல எண்ணுக்கு உரிய பட்டாதாரர் பெயர்கள் திரையில் வரிசையாக வரும். அதில் உங்கள் பெயரைத் தொட வேண்டும். தொட்டதும் ஆதாரில் உள்ள பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் எத்தனை சதவீதம் ஒத்துப்போகின்றன என்று மென்பொருள் ஒரு மதிப்பெண் போடும். ஆதாரில் முன்னெழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். பட்டாவில் தகப்பனார் பெயர் முழுதாக இருக்கும். பல பட்டாக்களில் நில ஆவணங்களைப் புதுப்பிக்க 1980களில் நடந்த யூடிஆர் கணக்கெடுப்பில் யாரோ காதில் விழுந்தபடி எழுதிய பெயர்தான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, ஆறேழு பேர் சேர்ந்த கூட்டுப் பட்டா, அண்ணன் தம்பி வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு உட்பிரிவு செய்யாத பட்டா என்று சிக்கல்கள் ஏராளம். இவையெல்லாம் சொந்த நிலம் வைத்திருப்பவர்களின் பாடு. தாலுகா ஆபீசுக்கு நடையாக நடந்தால் என்றாவது ஒருநாள் சரியாகிவிடும்.

முகாம் சமயத்தில் ஓர் அம்மா வந்தார். நான்கு மா நிலம் (மூன்று மா சேர்ந்தால் ஏறக்குறைய ஓர் ஏக்கர்), குத்தகைச் சாகுபடி. நிலத்துக்காரர் குடும்பம் திருப்பூரில். அந்த அம்மா ஒரு மஞ்சள் பை நிறையக் காகிதம் கொண்டுவந்திருந்தார்: உரக்கடைச் சீட்டு, விதை வாங்கிய ரசீது, அறுவடை வண்டிக்காரர் மணிக்கணக்கு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு. புல எண்ணைத் தட்டினேன். நிலத்துக்காரர் ஊர்த் திருவிழாவுக்கு வந்தபோதே பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். மென்பொருளைப் பொறுத்தவரை அந்த வயலின் வேலை முடிந்துவிட்டது. பயிர் செய்பவர் வேறொருவர் என்று சொல்வதற்கு அந்தத் திரையில் இடம் இல்லை. "நடவுக்கூலி குடுத்ததுக்குச் சீட்டு வாங்கியாந்தா சேத்துக்குவாங்களா தம்பி?" என்று கேட்டார். எந்தச் சீட்டு கொண்டுவந்தாலும் சேர்க்க வழியில்லை என்பதை அவருக்குப் புரியவைக்க எனக்கு வெகுநேரம் ஆனது.

கோயில் நிலத்துக் குத்தகைதாரர்களின் நிலைமை இன்னும் மோசம். இந்து சமய அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கும் மடங்களுக்கும் மாநிலம் முழுவதும் சுமார் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் டெல்டாவின் பங்கு கணிசமானது. மூன்று தலைமுறையாக ஒரே கோயில் நிலத்தை உழுதுவரும் குடும்பங்களை எந்த ஊரிலும் பார்க்கலாம். பட்டா சுவாமி பெயரில் இருக்கும். குத்தகை ரசீது மட்டும் குடும்பத்தின் கையில் இருக்கும். அந்த ரசீதைக் கொடுத்ததே அரசின் கட்டுப்பாட்டில் உள்ள நிர்வாகம்தான். ஒரு துறையின் குத்தகைக் கணக்கில் தெளிவாக இருக்கும் பெயர், இன்னொரு துறையின் கணினியில் இல்லாமல் போகிறது என்றால் அதற்குத் தொழில்நுட்பத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டு துறைகளும் உட்கார்ந்து பேசவில்லை, அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பழைய காகித அடங்கலில் சாகுபடிதாரர் பெயரை எழுத இடம் இருந்தது. கிராம நிர்வாக அலுவலரான விஏஓ ஊருக்குள் புழங்குபவர். எந்த வயலை யார் உழுகிறார் என்று அவருக்குத் தெரியும். அவர் எழுதிக் கொடுத்த அடங்கலை வைத்துக்கொண்டு குத்தகைதாரர் காப்பீடு செய்தார், கொள்முதல் நிலையத்தில் நெல் போட்டார். அந்த ஏற்பாட்டில் கையூட்டு இருந்தது, வேண்டியவர் வேண்டாதவர் பார்ப்பதும் இருந்தது. அது அப்படியே திரும்பி வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் உழுபவர் யார் என்ற கேள்வியாவது அந்தக் காகிதத்தில் இருந்தது. இத்தனை செலவு செய்து செயற்கைக்கோள், புவிக்குறியீடு, ஆதார் எல்லாம் சேர்த்துக் கட்டும் புதிய பதிவேட்டில் அந்தக் கேள்வியே விடுபட்டுப் போகலாமா?

கொள்கை அளவில் பார்த்தால் குத்தகைதாரரை விலக்க வேண்டும் என்று பெரும்பாலான திட்டங்களில் யாருமே எழுதவில்லை. பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தின் வழிகாட்டுதலில் குத்தகைதாரர்களும், விளைச்சலில் பங்கு கொடுத்து வாரச் சாகுபடி செய்பவர்களும் சேரலாம் என்று இருக்கிறது. கிசான் கடன் அட்டை வாய்மொழிக் குத்தகைதாரருக்கும் உண்டு. 2007ஆம் ஆண்டின் தேசிய விவசாயிகள் கொள்கை, விவசாயி என்றால் யார் என்பதற்கு இன்னும் விரிவான விளக்கம் தந்தது. குத்தகைதாரர், வாரதாரர், விவசாயத் தொழிலாளர் எல்லோரும் அதில் அடக்கம். அந்தக் கொள்கைக்கு அடித்தளம் போட்ட ஆணையத்தின் தலைவர், நம் கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன். மாநிலங்கள் விரும்பினால் பதிவேட்டில் குத்தகைதாரர்களையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. ஆக, கதவு திறந்துதான் இருக்கிறது. ஆண்டுக்கு 6,000 ரூபாய் தரும் பிஎம் கிசான் திட்டம் மட்டும் நிலம் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு என்று 2019இலேயே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. அது சரியா தவறா என்று வாதாடலாம். வெளிப்படையாக எடுத்த முடிவு என்பதால்தான் வாதாட முடிகிறது. மென்பொருளில் ஒரு கட்டம் இல்லாமல் போவதால் நிகழும் விலக்கை யாரிடம் போய் வாதாடுவது? அதற்கு அரசாணை எண் கிடையாது, சட்டமன்ற விவாதம் கிடையாது, மேல்முறையீடும் கிடையாது. ஆனால் கோடிக்கணக்கான ரூபாய் எந்தப் பக்கம் போகும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. என் கணக்கில் அதுவும் பொருளாதாரக் கொள்கைதான்.

குத்தகைதாரரின் வரவு செலவை நீங்கள் கிட்டத்தில் பார்த்திருக்கமாட்டீர்கள். இங்கே குத்தகை, மாவுக்கு இத்தனை மூட்டை என்று வாய்ப்பேச்சில் முடிவாகும். பயிர் விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளக்க வேண்டும். நிலத்துக்காரர் நல்லவராக இருந்தால் வெள்ள வருடத்தில் கொஞ்சம் தள்ளிக் கொடுப்பார். உழவு, நாற்று, நடவு, களை, உரம், அறுவடை என எல்லாச் செலவும் குத்தகைதாரர் தலையில். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் சிட்டா வேண்டும். உரிய காலத்தில் திருப்பிக் கட்டினால் அந்தக் கடனுக்கு வட்டியே இல்லை. நிலத்துக்காரர் கையெழுத்துப் போடாததால் அது இவருக்குக் கிட்டாது. எனவே உரக்கடைக் கடன், வாரம்தோறும் வசூலுக்கு வரும் குழுக் கடன், கழுத்தில் காதில் கிடப்பது. அறுவடை முடிந்ததும் கடன்காரர் களத்துக்கே வந்து நிற்பார்.

2025-26 கொள்முதல் பருவத்தில் சன்ன ரகத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய் என்று அரசு அறிவித்தது. நல்ல விலை. ஆனால் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் நெல்லைக் கொட்டி, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் வரும்வரை காயவைத்து, முறை வரும்வரை தார்ப்பாய் போட்டுக் காவல் காத்து, வங்கிக் கணக்கில் பணம் ஏறும்வரை பொறுத்திருக்கும் தெம்பு யாருக்கு இருக்கிறது? கடன்காரர் வாசலில் நிற்காதவருக்குத்தான். மற்றவர் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிடுகிறார். அதே நெல் யாரோ ஒருவருடைய அடங்கலோடு கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்வதும் உண்டு. இதைத் தடுக்கத்தான் ஆன்லைன் பதிவும் கைரேகைச் சரிபார்ப்பும் வந்தன. நோக்கம் நியாயமானது. ஆனால் கைரேகை வைக்க வேண்டியவர் யார் என்பதைப் பட்டாவை வைத்து முடிவு செய்தால், வியாபாரியைத் தடுக்கப் போட்ட வேலியில் குத்தகைதாரர்தான் சிக்குகிறார். வியாபாரிக்கு எப்படியும் ஒரு பட்டாதாரர் கிடைத்துவிடுவார்.

தொழில்நுட்பம் வந்து விளைச்சல் கூடுவதும், அந்த விளைச்சலில் யாருக்கு எவ்வளவு என்பதை யாரும் யோசிக்காமல் விடுவதும் இந்த மண்ணுக்குப் புதிது இல்லை. 1960களின் தொடக்கத்தில் அன்றைய தஞ்சை மாவட்டம் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. உரம், கடன், விதை, ஆலோசனை எல்லாம் ஒருசேர வந்தன. அடுத்து ஆடுதுறை 27 என்ற புதிய நெல் ரகம் வந்தது, குறுகிய காலப் போகமான குறுவை பரவியது. களத்தில் நெல் குவிந்தது. அந்தக் கடனும் உரமும், நிலமும் பத்திரமும் வைத்திருந்தவர்களிடம்தான் முதலில் போய்ச் சேர்ந்தன. அறுவடைக் கூலியில் ஒரு பிடி நெல் கூடுதலாகக் கேட்டதற்கு ஊருக்கு ஊர் தகராறு. 1968 டிசம்பர் 25 அன்று, அதே மாவட்டத்தின் கீழ்வெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமைக்குப் புதிய நெல் ரகம்தான் காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. சாதியும் நில ஆதிக்கமும் அதற்கு வெகுமுன்பே இங்கே வேர் பிடித்திருந்தன. விளைச்சலை மட்டும் அளந்து உறவுகளை அளக்காத திட்டம், ஏற்கெனவே இருந்த ஏற்றத்தாழ்வின் மேல் பணத்தைக் கொட்டியது. அடுத்த ஆண்டே, 1969இல், குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் வந்தது. அதற்கு முன்பே 1952இல் தஞ்சைக் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புக்கு என்று தனிச் சட்டம், 1955இல் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாயக் குத்தகைச் சட்டம். இத்தனையும் இந்த டெல்டாவின் வயல்களிலிருந்து எழுந்த சட்டங்கள். பதிவேட்டை வடிவமைக்கும்போது இவற்றில் ஒன்றையாவது மேசைமேல் வைத்துப் படித்தீர்களா என்று கேட்பது தப்பில்லை என்று நினைக்கிறேன்.

நிலத்துக்காரர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த மடல் முழுமையாகாது. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் நிலம் கையை விட்டுப் போய்விடும் என்ற பயம் அவர்களுக்கு உண்டு. நிலத்துக்காரர் எல்லோரும் பெரிய மிராசுதார் இல்லை. கணவரை இழந்து மகளோடு சென்னையில் இருக்கும் அம்மா, பிள்ளைகள் வெளியூர் போனபின் உழ முடியாத முதியவர், ஒன்றிரண்டு ஏக்கர் வைத்திருக்கும் ஆசிரியர் என்று பலர். இந்தப் பயம் இருக்கும்வரை குத்தகை வாய்ப்பேச்சாகவே இருக்கும். வாய்ப்பேச்சாக இருக்கும்வரை உழுபவர் பதிவேட்டில் வரமாட்டார். இந்த முடிச்சை அவிழ்ப்பதற்குத்தான் தெளிவான சிந்தனை தேவை. கணினி அதைத் தானாகச் செய்துவிடாது.

நான் கேட்பது இதுதான். நிலம் யாருடையது என்பதும் இந்தப் போகத்தில் பயிர் யாருடையது என்பதும் தனித்தனிப் பதிவுகளாக இருக்கட்டும். பயிர்ப் பதிவு ஒரு போகத்துக்கு மட்டும் செல்லும். குறுவைக்கு ஒன்று, சம்பா அல்லது தாளடிக்கு ஒன்று. அறுவடை முடிந்ததும் அது காலாவதியாகிவிடும். அதைக் காட்டி நிலத்தில் யாரும் உரிமை கோர முடியாது என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம். அதே நேரம், 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழும் ஏற்கெனவே உள்ள உரிமைகளை இது ஒரு துளியும் குறைக்காது என்றும் எழுத வேண்டும். பழைய குத்தகைதாரரை வெளியேற்றப் புதுப் பதிவு ஆயுதமாகிவிடக் கூடாது. பயிர்க்கடன், பயிர்க் காப்பீடு, நெல் கொள்முதல், பயிர்ச் சேத நிவாரணம் நான்கும் பயிர்ப் பதிவைப் பின்தொடரட்டும்.

ஆந்திரம் இந்த வழியில் நமக்கு முன்னே போயிருக்கிறது. 2011இல் உரிமம் பெற்ற சாகுபடியாளர் சட்டம் கொண்டுவந்தார்கள். 2019இல் அதை மாற்றி, பதினோரு மாத ஒப்பந்தத்தின் பேரில் சாகுபடியாளர் உரிமை அட்டை தரும் சட்டம் வந்தது. பின்னதில் நிலத்துக்காரர் கையெழுத்தைக் கட்டாயமாக்கினார்கள். கையெழுத்துக் கிடைக்காதவர் அட்டைக்கு வெளியே நின்றார். அந்தத் தவறை நாம் திரும்பச் செய்ய வேண்டியதில்லை. உழுபவர் யார் என்று ஊருக்கே தெரியும். விஏஓவும் உதவி வேளாண்மை அலுவலரும் வயலில் நின்று பதியட்டும், பக்கத்து வயல்காரர் இருவர் சாட்சி சொல்லட்டும், பட்டியலை ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். நிலத்துக்காரருக்குக் குறுஞ்செய்தி போகட்டும். ஆட்சேபம் இருந்தால் சொல்ல அவருக்கு அவகாசம் கொடுங்கள். ஆட்சேபம் வந்தால் தாசில்தார் விசாரிக்கட்டும். 2024 நவம்பரில் மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்புக்கு வேளாண் கல்லூரி மாணவர்களைச் சேற்றில் இறக்கினீர்களே, அவர்கள் வயலைப் படம் பிடித்தார்கள், பயிரின் பெயரைப் பதிந்தார்கள். அதே வரப்பில் நின்று இது யார் சாகுபடி என்று கேட்டு எழுத இன்னும் எத்தனை நிமிடம் ஆகியிருக்கும்?

கருவிகள் கையில் இல்லை என்று நீங்கள் சொல்ல முடியாது. 2016இல் வடகிழக்குப் பருவமழை அடியோடு பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்ட சமயத்தில், எந்தெந்த ஊர்களில் விதைக்கவே முடியவில்லை என்பதைக் கண்டறிய ராடார் செயற்கைக்கோள் படங்கள் உதவின. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனமும் அதற்கு முன்பிருந்தே அந்த வேலையில் ஈடுபட்டிருந்தன. மேகம் மறைத்தாலும் ராடாருக்கு வயல் தெரியும். 2023 குறுவையிலிருந்து காப்பீட்டுக்கான நெல் விளைச்சல் மதிப்பீட்டில் 30 சதவீதம் இப்படிப்பட்ட தொழில்நுட்பக் கணக்குக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. மிச்சத்துக்கு இன்னமும் ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி அறுத்து எடை போடுகிறார்கள். பயிர் எவ்வளவு அழிந்தது என்பதை இவ்வளவு அக்கறையோடு அளந்துவிட்டு, அழிந்த பயிர் யாருடையது என்பதை மட்டும் நாற்பது வருடப் பழைய ஏட்டிலிருந்து எடுப்பது எந்த வகையில் சரி?

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் கோயில் நிலங்களிலிருந்து தொடங்குங்கள். அங்கே குத்தகைதாரர் பெயர், புல எண், பரப்பு எல்லாம் ஏற்கெனவே கணக்கில் இருக்கின்றன. நிலத்துக்காரர் பயம் என்ற சிக்கலும் கிடையாது. அறநிலையத் துறையின் குத்தகைப் பட்டியலை விவசாயிகள் பதிவேட்டோடு இணைக்க ஓர் அரசாணை போதும். அது ஓடிய விதத்தைப் பார்த்துவிட்டுத் தனியார் நிலங்களுக்கு விரிவாக்கலாம்.

பொறியாளர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இந்த டெல்டாவிலிருந்து படித்துப் போனவர்கள். குடவாசலிலும் பேராவூரணியிலும் திருத்துறைப்பூண்டியிலும் உங்கள் அப்பாவோ சித்தப்பாவோ குத்தகைக்குப் பயிர் செய்தவராக இருப்பார். மேலிருந்து வரும் தேவைப் பட்டியலில் சாகுபடிதாரருக்கு இடம் இல்லை என்றால், அதைச் சுட்டிக்காட்டி ஒரு குறிப்பு எழுதும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பெயர்ப் பொருத்தம் குறைந்தால் விண்ணப்பம் எங்கே போகிறது, யார் பார்க்கிறார்கள், எத்தனை நாளில் பதில் வரும் என்பதைத் திரையில் காட்டுங்கள். இப்போது அந்த விண்ணப்பம் என்ன ஆனது என்று எனக்கும் தெரிவதில்லை, எதிரே உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிவதில்லை.

வழக்கமாக ஜூன் 12 அன்று மேட்டூர் அணை திறக்கிறது. அதற்கு முன்பே நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும், கடனுக்கான அலைச்சலும் தொடங்கிவிடும். அடுத்த குறுவைக்குள் திருவாரூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் மாவட்டத்துக்கு ஒரு பிர்காவிலாவது (வருவாய் உள்வட்டம்) இந்தப் பயிர்ப் பதிவை நடத்திப் பாருங்கள். எத்தனை புல எண்களில் பட்டாதாரரும் சாகுபடிதாரரும் வேறுவேறு ஆட்கள் என்ற கணக்கைப் பொதுவெளியில் வெளியிடுங்கள். அந்தக் கணக்கு வந்து, சாகுபடிதாரருக்கும் எண் கிடைக்கும்வரை, அடையாள எண் இல்லை என்ற காரணத்துக்காக எவருடைய காப்பீட்டையும் கொள்முதலையும் நிவாரணத்தையும் மறுக்கக் கூடாது என்று எழுத்துபூர்வமாக உத்தரவிடுங்கள். அந்த உத்தரவின் நகலை என் மையத்தின் சுவரில் ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
திருவாரூர் மாவட்டத்துப் பொதுச் சேவை மையம் ஒன்றிலிருந்து